பழைய வருத்தமும் நட்டஈடும்

வேலையில் காயப்பட்டு நட்டஈடு கேட்டால், "இது உமக்குப் பழைய வருத்தம்தானே" என்ற பதிலை எங்கட ஆக்கள் பலர் கேட்டிருப்பீர்கள். இந்த வாதம் பிரித்தானியப் பிரபுக்கள் சபைக்கே 1910 இல் போனது.

ஸ்பனரால் நட்டொன்றை இறுக்கிய தொழிலாளி விழுந்து இறந்தார். அவரின் பெருநாடி முன்னமே வீங்கி, நித்திரையிலும் வெடிக்கக்கூடிய நிலை. செய்ததோ வழமையான வேலைதான். முதலாளிகள் விடுவார்களா? மேன்முறையீடு செய்தார்கள். நீதிபதிகளும் இரண்டுபட்டார்கள். ஆனாலும் 1906 ஆம் ஆண்டுச் சட்டப்படி இதுவும் விபத்தே என்று பெரும்பான்மையோர் தீர்த்தனர். அந்த இறுக்கலும் சாவுக்குக் காரணம். சுகதேகிக்கு மட்டுமா சட்டம்?

1948 இல் இந்தப் பொறுப்பு அரச காப்புறுதிக்கு மாறியது. விபத்து நடக்காவிட்டாலும் இருந்திருக்கும் வருத்தத்தை இப்போதும் கழித்துத்தான் ஊன வீதம் போடுகிறார்கள்.