மணிக்கட்டு முறிவும் தகடும்

வழுக்கி விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார். உடலின் பாரம் உள்ளங்கை வழியே ஏறி, ஆரை எலும்பை மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடிக்கிறது. குற்றாலத்துப் பாசிப் பாறையானாலும் இலத்தூர் வயல் வரப்பானாலும் விழும் விதம் ஒன்றே.

தென்காசி வட்டாரத்தில் இதற்கு நெடுங்காலம் நாட்டு வைத்தியரின் கட்டுதான். கையை இழுத்து நேராக்கி, மூங்கில் பத்தை வைத்து, உளுந்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் தடவிய துணியைச் சுற்றுவார்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் இவ்வகைக் கட்டுக்குக் ‘கொம்பு கட்டல்’ என்று பெயர். 1852இல் டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன் பாரிஸ் சாந்துக் கட்டை அறிவித்தார். தமிழில் அதுவும் ‘மாவுக்கட்டு’தான்.

இந்த முறிவை 1814இல் விவரித்தவர் டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ். எக்ஸ்ரே வர இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன; தடவிப் பார்த்தே எழுதினார். கை கோணலாக நின்றாலும் நாளடைவில் வலி போய் அசைவு திரும்பும் என்பது அவர் கருத்து. வயதானவர்கள் பலருக்கு அது பொய்யில்லை. முறிவு மூட்டுக்குள் ஓடியவருக்கும், பல வாரக் கட்டில் விரல் விறைத்தவருக்கும் அப்படி அமையவில்லை.

பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. ஒடிந்த கைக்கு இரு வழிகளும் ஒரே ஊரில் கிடைத்தன. இரண்டாவது கல்லூரியின் மருத்துவமனையை மக்கள் இன்றும் ‘ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி’ என்கிறார்கள்.

ஒடிந்த எலும்பின் மேல் உலோகத் தகடு பொருத்தும் முறையை ஒழுங்குபடுத்தியது 1958இல் சுவிட்சர்லாந்தில் கூடிய அறுவை மருத்துவர் குழு. ஆனால் மணிக்கட்டின் புறங்கைப் பக்கம் வைத்த தகடுகள் தசைநாண்களை உரசின. சிலருக்கு நாண் அறுந்தே போனது. 2000ஆம் ஆண்டையொட்டி மயாமியின் ஹோர்ஹே ஓர்பே தகட்டை உள்ளங்கைப் பக்கத்துக்கு மாற்றினார். திருகாணியின் தலை தகட்டிலேயே பூட்டிக்கொள்வதால், பொத்தலாகிப்போன முதுமை எலும்பிலும் பிடிப்பு நிற்கிறது.

தகட்டின் பெரிய ஆதாயம் எலும்பு சீக்கிரம் கூடுவதல்ல; அதற்கு எப்படியும் ஆறு வாரம் ஆகும். கூடும்வரை கையைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை என்பதே ஆதாயம். மறுநாளே விரலை மடக்கி நீட்டலாம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மணிக்கட்டையும் அசைக்கலாம். தண்ணீர்க் குடம் தூக்க மூன்று மாதமாவது ஆகும். பிடிப்பலம் முழுதும் திரும்ப ஓராண்டுகூடப் பிடிக்கும்.

எல்லோருக்கும் தகடு தேவையுமில்லை. பிரிட்டனில் 461 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இழுத்து நேராக்க முடிந்த முறிவுகளுக்கு மெல்லிய கம்பி செருகியதும் தகடு வைத்ததும் ஓராண்டு முடிவில் ஒரே பலனைத் தந்தன. வைத்த தகடு நாணை உரசினாலோ வலித்தாலோ மட்டுமே எடுக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு அது உள்ளேயே தங்கிவிடுகிறது.