அவள் பெயரில் ஒரு கணக்கு

பெருங்குடியில், தரமணி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள். இணையக் குற்றங்களைப் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் எங்கிருந்தாலும் சந்திக்கிற ஒரு வழக்கு இதே சென்னையில், எழும்பூர் நீதிமன்றத்தில், 2004ஆம் ஆண்டு நடந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அதைக் குறிப்பிடுவார்கள். பாடப் புத்தகங்களில் அந்த வழக்கு குற்றவாளியின் பெயரால்தான் அறியப்படுகிறது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

புகார் கொடுத்தவர் விவாகரத்தான பெண். அவரைப் பற்றி ஆபாசமான செய்திகள் யாஹூ குழுக்களில் வந்தன. அவர் பெயரிலேயே ஒரு போலி மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டிருந்தது. அவர் ஆண்களை அழைக்கிறார் என்று நம்பி, முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். கணினியே இல்லாத வீட்டிலும் அந்த மணி ஒலிக்கும் என்பதை அன்றைக்குப் பலர் புரிந்துகொள்ளவில்லை. திரையை அணைத்துவிட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

2004 பிப்ரவரியில் புகார் கொடுத்தார். காவல்துறை தடம் பிடித்துப் போய் மும்பையில் ஒருவரைக் கைது செய்தது. அவர் அந்நியர் அல்லர். குடும்பத்துக்குத் தெரிந்தவர். முன்பே இவரை மணக்க விரும்பியவர். இவருடைய திருமணம் முறிந்த பிறகு மறுபடி தொடர்புகொண்டவர். இவர் மறுத்தார். அதன் பிறகுதான் அந்தச் செய்திகள்.

எதிர்த்தரப்பு வாதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்த மின்னஞ்சல்களை முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம், அல்லது அந்தப் பெண்ணே அனுப்பியிருக்கலாம் என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை மணக்க அந்தப் பெண்தான் கேட்டார், அவர் மறுத்ததால் பழிவாங்குகிறார் என்றும் சொல்லப்பட்டது. மறுத்தவளையே மறுக்கப்பட்டவளாக மாற்றுகிற இந்தக் கதையைச் சொல்ல எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. மின்னணுச் சான்றுகள் செல்லாது என்ற வாதமும் வந்தது. பிரவுசிங் சென்டர் உரிமையாளர்கள் சாட்சி சொன்னார்கள், நிபுணர்களும் சொன்னார்கள். நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நற்பெயரைக் கெடுக்கப் பொய் ஆவணம் தயாரித்ததற்கு (469) இரண்டு ஆண்டு. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தியதற்கு (509) ஓராண்டு. மின்னணு ஆபாசத்துக்கு (67) இரண்டு ஆண்டு. மூன்றையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம். அபராதம் மொத்தம் 5,000 ரூபாய். புகார் கொடுத்த ஒன்பது மாதத்துக்குள் தண்டனை என்பது அன்றும் இன்றும் பெரிய விஷயம். காவல்துறையையும் அரசு வழக்கறிஞரையும் இதற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு எது குற்றமாகத் தெரிந்தது? ஆபாசம், மானம், நற்பெயர். ஒருவருடைய பெயரை எடுத்துக்கொண்டு அவராகப் பேசுவது கணினிச் சட்டத்தில் தனிக் குற்றமாக அப்போது இல்லை. அடையாளத் திருட்டுக்கான 66சி, ஆள்மாறாட்டத்துக்கான 66டி ஆகியவை 2008 திருத்தத்தில்தான் வந்தன; 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆபாசமே இல்லாமல், அவர் பெயரில் வெறுமனே தொலைபேசி எண்ணை மட்டும் ஊரெல்லாம் போட்டிருந்தால் 67ஆம் பிரிவு என்ன செய்திருக்கும்?

அதே திருத்தம் 66ஏ பிரிவையும் கொண்டுவந்தது. தொல்லை தரும் செய்திகளைத் தடுக்கத்தான் என்றார்கள். 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு ஒரு இளம்பெண் முகநூலில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு விருப்பக்குறி இட்டார். பால்கரில் இருவரும் கைது செய்யப்பட்டபோது அந்தப் பிரிவும் அவர்கள்மீது பாய்ந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

509ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 79ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியது, தண்டனைக் காலம் 2013லேயே மூன்றாண்டாகக் கூடியது. மானம் என்ற சொல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.