துண்டும் தகரமும்: மண்டபம் வழியாக வேலைக்குப் போனவர்கள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரயில் பாதையில், மண்டபத்துக்கு முந்தி ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். தீர்த்தமாடப் போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. என்ன கேம்ப், யாருக்கான கேம்ப் என்று கேட்டால் இலங்கை அகதிகளுக்கானது என்பார்கள். சரிதான். ஆனால் அகதிகள் வருவதற்கு வெகுகாலம் முந்தியே அந்த இடம் முகாமாகத்தான் இருந்தது. நம் பாட்டன் பாட்டிகளில் பல்லாயிரம் பேர் தங்கள் வாழ்நாளின் முதல் கூலி வேலைக்கு அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள்.

வேலை என்றால் இன்றைக்கு நமக்கு ஒரு வரிசை தெரியும். விளம்பரம் பார்க்கிறோம், விண்ணப்பம் போடுகிறோம், நேர்முகத்துக்குப் போகிறோம், ஆர்டர் வருகிறது. சம்மதமென்றால் கையெழுத்துப் போடுகிறோம். நம் முன்னோர்களின் முதல் வேலைக்கும் இப்படி ஒரு வரிசை இருந்தது. ஆனால் அதில் அவர்கள் கைக்கு வந்த காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. காகிதமெல்லாம் வேறு ஆட்களின் கையில்தான் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் காகிதங்களைப் பற்றியது.

முதலில் விளம்பரம். அது கங்காணியின் வாய். இலங்கைத் தோட்டத்தில் இருந்த கங்காணி ஊருக்குத் திரும்பி வருவான். தலைப்பாகை, கோட்டு, கையில் காசு. செடித் தூருல தேங்காயும் மாசியும் கெடக்குதுன்னு சொல்லித்தான் ஆள் சேர்த்தான் என்பது மலையகத்திலும் நம் பக்கத்திலும் இன்றுவரை புழங்குகிற பேச்சு. இதை வைத்துக்கொண்டுதான் ‘அப்பாவிச் சனங்கள் ஏமாந்து போனார்கள்’ என்று வரலாறு எழுதுகிறார்கள். நமக்காக இரங்குகிற எழுத்துதான் அது. ஆனால் நம்மை யோசிக்கத் தெரியாதவர்கள் என்றும் அதுவே சொல்லிவிடுகிறது.

ஏமாந்தார்களா? கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1843ல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று இந்தியாவில் அறிவித்தார்கள். சட்டம் சேரிக்கு வந்து சேரவில்லை. பண்ணையாருக்குப் பட்ட கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. 1876லிருந்து 1878 வரை தாது வருசப் பஞ்சம். ராமநாதபுரச் சீமை வானம் பார்த்த பூமி, கண்மாய் வறண்டால் கஞ்சியும் வறண்டுபோகும். அந்த நேரத்தில் ஒருத்தன் வந்து முன்பணம் நீட்டுகிறான். அந்த முன்பணத்தில் பண்ணையார் கடனை அடைத்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்பலாம். வாங்கியவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது? ஒரு கடனை வைத்து இன்னொரு கடனை அடைக்கிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பழைய கடனுக்கு வாசல் இல்லை, புதிய கடனுக்கு ஒரு கடல் தூரமாவது இருந்தது. கங்காணியின் வேலைக்கு ‘சரி’ என்றது ஊருக்குச் சொன்ன ‘முடியாது’. பள்ளர், பறையர், சக்கிலியர் என்று பதியப்பட்ட அருந்ததியர் என நம் மக்கள் தோட்டங்களில் பெரும்பங்காக இருந்ததை இப்படித்தான் வாசிக்க வேண்டும்.

அதற்காகப் போன இடம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. போகிற வழியே சுடுகாடாக இருந்தது. கோப்பிக் காலத்தில் பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடற்கரையிலிருந்து தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் மாத்தளை வரைக்கும் நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1869ல் கோப்பிச் செடியில் இலை நோய் கண்டது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. அதற்குப் பிறகு தேயிலை. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும், தேயிலைக்கு வருசம் பூராவும் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக, பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்தார்கள்.

இனி காகிதங்களுக்கு வருவோம். மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகள். இலங்கைக்குப் போனவர்கள் அப்படியில்லை, ‘சுதந்திரக் கூலிகள்’ என்றார்கள் வெள்ளைக்காரர்கள். ஏட்டில் அது மாத ஒப்பந்தம். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் விலகலாம். கொடுக்காமல் போனால் 1865ஆம் வருடச் சட்டப்படி ஜெயில். முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். கடன் இருக்கிறதே! வழிச்செலவு, அரிசி, கம்பளி, முன்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் தொழிலாளி பேரில் ஏறியிருக்கும்.

அந்தக் கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் துண்டு. ‘இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவரிடம் ஆட்களை விடுகிறேன்’ என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவான். அந்தத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பான், கங்காணிக்கும் அதில் லாபம். கடன் மட்டும் குறையாது, கூடும். அதாவது வேலை மாறுதல் கேட்டு ‘விண்ணப்பம்’ போனது, சம்பளம் பேசப்பட்டது, ‘ஆர்டர்’ வந்தது. எல்லாம் தொழிலாளியைக் கேட்காமலே. இதை வேலை என்பதா, விற்பனை என்பதா?

இரண்டாவது தகரம். பிளேக் பயத்தில் பழைய வடக்கு வழியை அடைத்து, தூத்துக்குடி - கொழும்பு வழியாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. அதைக் காட்டினால் தோட்டம் வரைக்கும் காசு கேட்காமல் ஏற்றிச் செல்வார்கள், செலவு பிறகு கணக்கில் ஏறும். இன்றைக்குச் சட்டையில் கம்பெனி அட்டை தொங்குகிறது. அதில் நம் பெயர் இருக்கிறது. தகரத்தில் தோட்டம்தான் இருந்தது, ஆள் இல்லை.

1904ல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்ற அலுவலகத்தைத் திறந்தார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியதும் மறுபடி நம் கடற்கரைதான் வாசல். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் இருந்த முகாமின் வேலை மண்டபத்துக்கு வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கூலிகளை அங்கே நாள்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணியை மருந்தில் போட்டு எடுத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினார்கள். அதே தண்டவாளத்தில் யாத்திரைக்காரர்கள் ராமநாதசுவாமியைக் கும்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். சேரி ஆட்களுக்கு அந்தக் கோயிலுக்குள் அப்போது இடமில்லை.

மூன்றாவது காகிதம் கிராம முன்சீப்பின் கையெழுத்து. 1922ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. நல்லதும் நடந்தது. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்றானது. துண்டு முறையை அதற்கு முந்திய வருடமே இலங்கையில் சட்டம் போட்டு ஒழித்திருந்தார்கள். கங்காணிக்கு லைசென்ஸ் வேண்டும், சேர்க்கிற ஆட்களை முன்சீப்பிடம் காட்டி ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். பாதுகாப்புத்தான். ஆனால் முன்சீப் யார்? பரம்பரையாக அந்த வேலையைப் பார்க்கிற சாதி இந்து. அவர் மச்சானும் மாமனும்தான் பண்ணையார்கள். ஊரை விட்டு ஓடுகிறவன் ஊர்க்காரனிடமே அனுமதி கேட்கவேண்டிய நிலைமை!

போன இடத்தில் சாதி விட்டதா? அதுவும் கூடவே கப்பலேறியது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள். லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. ஆனாலும் ஒன்று மாறியது. பேர் செக்ரோலில் ஏறியது. 1927ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாள் கூலி 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நிர்ணயமானது. அநியாயமான வித்தியாசம்தான். அவள் கூலியைப் பல நேரம் புருசன்தான் போய் வாங்கினான். இருந்தாலும் சேரிப் பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்குச் சட்டம் ஒரு எண் எழுதியது. எந்தப் பண்ணையில் அப்படி ஒரு எண் இருந்தது?

1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கை போவதைத் தடை செய்தது. 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் ஆட்களைப் பங்கு போட்டார்கள். துண்டு 1921ல் ஒழிந்தது என்றோம். நிஜமாகவே ஒழிந்ததா?

அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் கேம்புக்கு வந்தார்கள். அங்கே குடும்ப அட்டை கொடுத்து, உனக்கு இன்ன வேலை என்று எழுதினார்கள். சிலருக்கு நூற்பாலை. சிலருக்கு 1968ல் நீலகிரியில் அரசு தொடங்கி, பின்னால் டான்டீ ஆன தேயிலைத் தோட்டம். ரொம்பப் பேருக்கு வியாபாரக் கடன். தலைமுறையாகக் கொழுந்து எடுத்த கைக்கு வியாபாரமா என்று அட்டை எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பாட்டன் கடனோடு போன வாசலில் பேரன் கடனோடு உள்ளே வந்தான்.

இப்போது அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டால், பூர்வீகம் எது, பாட்டன் எந்த ஊர், ஆதாரம் எங்கே என்று தாலுகா ஆபீசில் அலைய விடுகிறார்கள். தகரத்தில் ஊர் எழுதவில்லை, துண்டில் ஆளின் பெயர் எழுதவில்லை. அன்றைக்கு அவர்கள் கைக்குத் தராத காகிதத்தை இன்றைக்கு அவர்களிடமே கேட்பது என்ன நியாயம்?

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையிலிருந்து இன்றைக்கும் வளைகுடாவுக்கு ஆள் போகிறது. முன்பணமும் உண்டு, ஏஜெண்டும் உண்டு. முதல் வேலைக்குச் சரி என்று சொல்லுமுன் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். காகிதம் யார் கையில் இருக்கும், திரும்பி வர யார் அனுமதி வேண்டும் என்றும் கேளுங்கள். நம் பாட்டிமார் கேட்க நினைத்து, கேட்க வழியில்லாமல் போன கேள்விகள் இவை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த வருடம். அந்தக் காகிதமாவது நம் கையில் இருக்கட்டும்.