கிளவுஸைக் கழற்றிய பிறகு

1980இல் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிக் குத்துச்சண்டை போட்டார். கேலரியில் நானும் இருந்தேன். முந்தைய வருஷமே ஓய்வு அறிவித்தவர். இடுப்பில் சதை விழுந்திருந்தது. அதே வருஷம் அக்டோபரில் லேரி ஹோம்ஸோடு மோதுவதற்காக எடையைக் குறைத்தார், தைராய்டு மாத்திரை வேறு. உடம்பு இளைத்தது, கூடவே பலமும் போனது. தோற்றார். 1984இல் பார்க்கின்சன் என்றார்கள்.

எங்கள் ராயபுரத்தில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பார்த்துக் குத்திய காலத்தில், குத்தச் சொல்லித்தர வாத்தியார் இருந்தார். குத்துவதை விட்ட பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று யார் சொன்னார்கள்? கிளவுஸைக் கழற்றியும் நான் காலை ஆறு முட்டையை விடவில்லை. சர்க்கரை வந்துவிட்டது. இப்போது காசிமேடு வரை நடை, வீட்டுக்குள் கொஞ்சம் ஸ்கிப்பிங். கீழ்வீட்டுக்காரர்தான் திட்டுகிறார்.