நினைவுக் கருவியிலிருந்து கண்காணிப்புக் கருவிக்கு: குக்கியும் பயனர் தனியுரிமையும் (1994–2016)

முன்னுரை

பயனரின் தரவு வணிகப் பொருளானது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ‘குக்கி’ எனப்படும் சிறு உரைத்துணுக்கின் வரலாறு அம்மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டுகிறது. தனியுரிமை இழப்பிற்குத் தொழில்நுட்பத்தைக் காட்டிலும், அதன் இயல்பமைவை முடிவுசெய்யும் அதிகாரமே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

குக்கியின் தோற்றம்

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் செல்பவர் அதே வாடிக்கையாளர்தாமா என்பதை அக்கால வணிகத் தளங்கள் அறிய இயலவில்லை. அவர் தேர்ந்தெடுத்த பொருள்களை நினைவில் கொள்ளவே குக்கி தோன்றியது. ஒரு தளம் இட்ட குக்கியைப் பிற தளம் படிக்க இயலாது என்பது அதன் காப்பு விதி.

விதியின் இடைவெளி

ஒரு பக்கத்தில் இடம்பெறும் விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருமாயின், அந்நிறுவனமும் தன் குக்கியை இடலாம். டபுள்கிளிக் நிறுவனம் இவ்விடைவெளியைப் பயன்படுத்தியது. அதன் விளம்பரங்கள் பல தளங்களில் இடம்பெற்றமையால், ஓர் உலாவி அத்தளங்களுள் எவற்றிற்கெல்லாம் சென்றது என்பதை அது தொகுத்தது. இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாக ஏற்கலாகாது என 1997 பிப்ரவரியில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் தரக்குறிப்பு வரையறுத்தது. முன்னணி உலாவிகள் அதனைப் பின்பற்றவில்லை. மறுக்கும் வசதி இருந்தும், அமைப்பைத் தேடிச் சென்று மாற்றியோர்க்கே அது பயன்பட்டது.

பெயருடன் இணைந்த தரவு

1999இல் டபுள்கிளிக், அபாகஸ் டைரக்ட் நிறுவனத்தை வாங்கியது. அஞ்சல்வழிப் பொருள் வாங்கிய அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி விவரங்கள் அதனிடம் இருந்தன. பெயரற்ற உலாவல் பதிவை அவற்றுடன் இணைக்கும் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் விசாரித்தது. 2000 மார்ச்சில் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

2008இல் டபுள்கிளிக் கூகுளின் உடைமையாயிற்று. 2016இல் கூகுள் தன் கொள்கையைத் திருத்தி, டபுள்கிளிக் வழிப் பெற்ற உலாவல் தரவைப் பயனர் கணக்குடன் இணைக்க வழிவகுத்தது. பழைய பயனரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது. புதிய கணக்குகளுக்கோ அதுவே இயல்பமைவாயிற்று.

முடிவுரை

2000இல் எதிர்ப்பால் நின்ற தரவிணைப்பு, 2016இல் வேறொரு வடிவில் இயல்பமைவாகவே நடைமுறைக்கு வந்தது. எனவே, ஒப்புதல் பெறப்பட்டதா என்னும் வினாவோடு, பயனர் எதுவும் செய்யாதபோது யாருக்கு நன்மை விளைகிறது என்னும் வினாவும் தனியுரிமை ஆய்வில் எழுப்பப்பட வேண்டும் என்பது புலனாகிறது.