பிரபுக்களும் சுங்கம் செலுத்திய பாலம்

புடாபெஸ்ட் நகரைக் காணச் செல்வோர் டான்யூப் நதியில் படகேறி, நாடாளுமன்ற மாளிகையை விளக்கொளியில் கண்டு வியப்பதே வழக்கம். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நகரின் வரலாற்றை அறிய விரும்பும் நாம், சங்கிலிப் பாலத்தை நடந்து கடப்பதே நன்று.

புடாவும் பெஸ்டும் ஒரே நகராக இணைந்தது 1873-இல்தான். அதற்கு முன் அவற்றிடையே கோடையில் மிதவைப் பாலம் ஒன்றிருந்தது; குளிர்காலத்தில் அதை அகற்றிவிடுவர். 1820 டிசம்பரில் தந்தை இறந்த செய்தி கேட்டு விரைந்த இஷ்த்வான் செச்சேனி என்னும் பிரபு, பனிக்கட்டிகள் மிதந்த ஆற்றைக் கடக்க இயலாமல் ஒரு வாரம் காத்திருந்ததாகச் சொல்வர். நிலைத்த பாலம் வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

பொறியியலைவிடக் கடினமாயிருந்தது சுங்கம்! ஹங்கேரியப் பிரபுக்கள் வரி செலுத்தாமையைப் பிறப்புரிமையாகக் கருதியவர்கள். மிதவைப் பாலத்தில் குடியானவன் காசு கொடுத்தான், பிரபு கொடுக்கவில்லை. புதிய பாலத்தில் அனைவரும் செலுத்த வேண்டும் என்று 1836-இல் சட்டமியற்றப்பட்டது. அப்பாலத்தில் காலடி வைப்பதில்லை என்று தலைமை நீதிபதி சிராக்கி சூளுரைத்தாராம். ஒரு செப்புக்காசு அவ்வளவு பெரிதா என்று நமக்குத் தோன்றலாம். உண்மையில் இடிந்தது ஒரு கோட்டை.

வடிவமைத்தவர் ஆங்கிலேயரான வில்லியம் டியர்னி கிளார்க். கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆடம் கிளார்க். பெயர் ஒன்றாயினும் உறவினரல்லர். 1848 ஜூலையில் கடைசிச் சங்கிலியை ஏற்றுகையில் அது அறுந்து சாரத்தின்மேல் விழுந்தது. ஆற்றில் வீழ்ந்தவர்களுள் செச்சேனியும் ஒருவர், நீந்திக் கரையேறினார். அப்போது அவர் புரட்சி அரசின் அமைச்சர். செப்டம்பரில் மனம் சிதைந்து, வியன்னாவை அடுத்த டோப்ளிங் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார்.

மறுவருடம் புரட்சி நசுக்கப்பட்டது. அவருடன் பதவி வகித்த பிரதமர் பாத்யானி 1849 அக்டோபர் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு வாரங்கள் கழித்து, நவம்பர் 20 அன்று, ஆஸ்திரியத் தளபதி ஹைனாவின் கொடுங்கோலாட்சியில் பாலம் திறக்கப்பட்டது. எவருடைய விடுதலைக் கனவு அதுவோ, அவர்கள் சிறையிலோ கல்லறையிலோ நாடு கடந்தோ இருந்தனர். செச்சேனி 1860-இல் டோப்ளிங்கிலேயே உயிர் நீத்தார். கட்டி முடித்த பாலத்தை அவர் ஒருமுறையும் கடக்கவில்லை.

பாலத்தின் இருமுனைச் சிங்கங்களுக்கு நாக்கில்லை, அவமானத்தால் சிற்பி ஆற்றில் குதித்தார் என்று வழிகாட்டிகள் கதை சொல்வதுண்டு. நாக்குகள் உள்ளன, கீழிருந்து பார்த்தால் தெரிவதில்லை, அவ்வளவே. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தைத் தகர்த்தபோது கோபுரங்கள் மட்டும் நின்றன. மீண்டும் கட்டி, 1949 நவம்பர் 20 அன்று, சரியாக நூறாண்டுகள் நிறைந்த நாளில் திறந்தார்கள்.