நோயுறாத இரட்டையர்

கதை எழுதுகிறவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஆள்மாறாட்டத்துக்கு ஒரு சௌகரியம். அதற்கு மேல் நாங்கள் யோசிப்பதில்லை. யோசித்தவர் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர். இரட்டையரைப் பற்றி விசாரித்துக் கேள்வித்தாள்கள் அனுப்பினார். வந்த பதில்களைக் கொண்டு, பிறவி பெரிதா, வளர்ப்பு பெரிதா என்று 1875-இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்று எழுதினார். பிறவியே பெரிது என்பது அவர் தீர்ப்பு. அதே மனிதர்தான் 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லையும் உண்டாக்கினார்.

ஒரு மனநோய் உண்டு. சில காலம் உற்சாகம் கரைபுரண்டு ஓடும். உறக்கம் வேண்டாம், பணம் தண்ணீர் பட்ட பாடுபடும். பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனம் வராது. ஜெர்மன் வைத்தியர் கிரெப்பலின் 1899-இல் இதை மற்றப் பித்துகளிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார். இன்று இருமுனைக் கோளாறு என்கிறோம். இது குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஆனால் குடும்பத்தில் வருவதெல்லாம் ரத்தத்தில் வருவதுதானா? சமையலும் கடனும்கூடக் குடும்பத்தில் வருகின்றனவே! இதற்குத்தான் இரட்டையர் உதவுகிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு கருவாகப் பிறந்தவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலத்தான். வளர்வதோ இரு வகையினரும் ஒரே வீட்டில்.

கிரெப்பலின் 1917-இல் மியூனிக்கில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். அங்கே மரபுப் பிரிவு எர்ன்ஸ்ட் ரூடினிடம் இருந்தது. 1933 ஜூலை 14-ஆம் தேதி ஹிட்லர் அரசு ஒரு சட்டம் செய்தது. ஒன்பது குறைகளில் ஏதாவது ஒன்று உள்ளவர், பிள்ளைகளும் பெரும்பாலும் பாதிக்கப்படுவார்கள் என்று கருதப்பட்டால், மலடாக்கப்படலாம். அந்த ஒன்பதில் இந்நோயும் ஒன்று. சட்டத்துக்கு உரை எழுதியவர்களில் ரூடினும் ஒருவர். ஒரு நீதிபதியும் இரு வைத்தியர்களும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். சுமார் 4 லட்சம் பேர் கத்திக்கு ஆளானார்கள்.

‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வருவது ஏறக்குறைய பத்தில் ஒன்று. பத்தில் பத்தாகவே இருந்தாலும் அந்தக் கத்தியை நான் ஒப்பமாட்டேன். அது வேறு விஷயம்.

டென்மார்க்கில் 1954-இல் இரட்டையருக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அதைக் கொண்டு பெர்ட்டெல்சனும் கூட்டாளிகளும் 1977-இல் கணக்குச் சொன்னார்கள். ஒரு கரு இரட்டையரில் நூற்றுக்கு 67 ஜோடிகளில் இருவருக்கும் நோய். இரு கரு இரட்டையரில் 20. மரபின் பலத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மிச்சம் 33 ஜோடிகள் இருக்கின்றனவே? அதே மரபு, ஒருவர் ஆஸ்பத்திரியில், மற்றவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நாவலாசிரியன் கண் அந்த மற்றவர் மேல்தான் விழும்.

அவர்களையும் டென்மார்க்கில் தேடிப் போனார்கள். மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ கண்டவர்களின் நலமான இரட்டையரை அழைத்து, நினைவு, கவனம், திட்டமிடும் திறன் முதலியவற்றைச் சோதித்தார்கள். நோயில்லாக் குடும்பத்து இரட்டையரைவிட இவர்கள் சராசரியில் சற்றுக் குறைவு என்று 2006-இல் வெளியிட்டார்கள். நோய் வராமலே நிழல் விழுந்திருக்கிறது! சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. தனி ஆள் எவர் நெற்றியிலும் அது எழுதியிருக்கவில்லை. மியூனிக்கில் இந்த அளவுகோல் கிடைத்திருந்தால் நலமாயிருந்தவர்களையும் வரிசையில் நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. டென்மார்க்கில் அவர்கள் சம்மதித்து வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளும் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்து வந்தார்கள். சிலருக்கு நோய் வந்தது, பெரும்பாலோருக்கு வரவில்லை.